பாக்கின் ஆர்கன் இசை எப்படி ஒலிப்பதிவாகிறது: தொடக்கநிலை விளக்கம்

ஆர்கன் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டவுடன் பலர் முதலில் சொல்வது, “எக்கோ நிறையப் போட்டிருக்கிறார்கள்” என்பது. அடுத்தது, “கீபோர்டிலேயே இந்தச் சத்தம் வருகிறதே, இதற்கு எதற்குத் தேவாலயம்?” இன்னொன்றும் உண்டு: “நல்ல மைக் இருந்தால் போதும், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.” மூன்றுமே தவறான எண்ணங்கள், மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். வீணையைப் போலவோ பியானோவைப் போலவோ, எங்கு வேண்டுமானாலும் தூக்கி வைத்து வாசிக்கக்கூடிய வாத்தியமாக ஆர்கனை நினைத்துக்கொள்கிறோம். அது நிற்கும் கட்டடத்தையும் சேர்த்துத்தான் ஆர்கன். இதைப் பிடித்துக்கொண்டால் ஒலிப்பதிவில் நடக்கும் மற்ற எல்லாமே சுலபமாகப் புரியும்.

எடுத்துக்காட்டாக யோகான் செபாஸ்டியன் பாக்கை வைத்துக்கொள்வோம். 1685இல் ஜெர்மனியின் ஐசனாக் ஊரில் பிறந்து, 1750இல் லைப்சிக்கில் இறந்தவர். ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான காலத்து ஐரோப்பிய இசையைப் பரோக் இசை என்கிறார்கள். பாக் அதன் கடைசித் தலைமுறை. 18 வயதில் ஆர்ன்ஸ்டாட் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையில் சேர்ந்தார். 1705இல் புக்ஸ்டகூட என்ற மூத்த கலைஞர் வாசிப்பதைக் கேட்பதற்காக லூபெக் நகரம்வரை நடந்தே போனார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர்! ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் ஓர் ஆர்கனைக் கேட்க வேண்டுமென்றால் அது இருக்கும் ஊருக்குப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆர்கன் என்றால் எது?

நமக்குப் பழக்கமான ஆர்மோனியத்தில் துருத்தி காற்றை ஊதும், உள்ளே இருக்கும் உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும். இங்கே பேசுவது குழல் ஆர்கனைப் பற்றி. அதிலும் துருத்தி உண்டு. ஆனால் காற்று போய்ச் சேருவது குழல்களுக்குள். பெரும்பாலான குழல்கள் புல்லாங்குழல் மாதிரி, காற்று ஒரு விளிம்பில் மோதி ஒலிப்பவை. சில குழல்களின் அடியில் நாதஸ்வரத்துச் சீவாளி போல ஒரு நாக்கு இருக்கும். முன்னதை விளிம்புக் குழல் என்றும் பின்னதை நாக்குக் குழல் என்றும் வைத்துக்கொள்வோம். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

புல்லாங்குழலில் துளைகளை மூடித் திறந்து ஒரே குழலில் எல்லாச் சுரங்களையும் வாசிக்கிறோம். ஆர்கனில் ஒரு குழல் ஒரே ஒரு சுரத்தைத்தான் தரும். எனவே ஒவ்வொரு கட்டைக்கும் தனிக் குழல் வேண்டும். ஒரே குரல்வளம் கொண்ட குழல்களின் வரிசைக்கு ஸ்டாப் என்று பெயர். வாசிப்பவரின் இருபுறமும் இருக்கும் மரக்குமிழ்களில் ஒன்றை இழுத்தால் அந்த வரிசைக்குக் காற்றுப் போகும், தள்ளினால் நிற்கும். ஹாம்பர்க் புனித யாக்கோபு தேவாலயத்தில் ஆர்ப் ஷ்னிட்கர் என்பவர் 1693இல் கட்டி முடித்த ஆர்கனில் இப்படி 60 ஸ்டாப்புகள், ஏறத்தாழ 4,000 குழல்கள். கைக்கு நான்கு அடுக்குக் கட்டைகள், காலுக்குத் தனியாக மிதிகட்டைகள்.

கட்டையை ஓங்கி அழுத்தினாலும் மெல்ல அழுத்தினாலும் ஒலியின் அளவு மாறாது. சத்தம் கூட வேண்டுமானால் இன்னும் சில ஸ்டாப்புகளை இழுக்க வேண்டும். ஆகவே காற்றுதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். பாக் புதிய ஆர்கன் ஒன்றைச் சோதிக்கப் போனால் முதலில் எல்லா ஸ்டாப்புகளையும் இழுத்துவிட்டு, முழு வலுவில் வாசித்துப் பார்ப்பாராம். இதற்கு நல்ல நுரையீரல் இருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும் என்பாராம். இதை எழுதி வைத்தது அவருடைய மகன் கார்ல் பிலிப் இமானுவேல். அந்த நாளில் துருத்தியை மிதிக்க ஆட்கள் இருந்தார்கள். இன்று பெரும்பாலும் மின்விசிறி.

ஆக, ஆர்கன் என்பது துருத்தி, குழல் வரிசைகள், அவற்றைத் திறந்து மூடும் கட்டைகளும் குமிழ்களும். ஒலிப்பதிவில் சிக்கல் தொடங்குவது குழலைவிட்டு ஒலி வெளியே வந்த பிறகுதான்.

எக்கோ வேறு, எதிர்முழக்கம் வேறு

பள்ளியில் படித்தது நினைவிருக்கலாம். மலைச்சரிவில் நின்று “ஓ” என்று கூப்பிட்டால் சற்றுப் பொறுத்து “ஓ” என்று தனியாகத் திரும்பி வருகிறதே, அது எதிரொலி. முதல் ஒலிக்கும் திரும்பி வரும் ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 0.1 விநாடி இடைவெளியாவது இருந்தால்தான் அது காதுக்குத் தனியாகத் தெரியும்.

இப்போது, விருந்தினர் வருவதற்கு முன் காலியாகக் கிடக்கும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டு முடிந்த பிறகும் ஒரு முழக்கம் தங்கி, மெல்ல அடங்கும். சுவர், தரை, கூரை என்று ஆயிரம் இடங்களில் பட்டுத் திரும்பும் ஒலிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கலந்துவிடுவதால் எதையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. இதுதான் எதிர்முழக்கம். ஒலி நின்றபின் அதன் ஆற்றல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை எதிர்முழக்க நேரம் என்கிறார்கள். ஒரு சாதாரண வீட்டறையில் இது அரை விநாடி அளவுதான். பெரிய கல் தேவாலயத்தில் 4 விநாடி, 6 விநாடி, அதற்கு மேலும் போகும்.

பதிவில் கேட்கும் முழக்கத்தை யாரும் “போடவில்லை”. தேவாலயத்தின் கல்லும் மரமும் உயரமும் சேர்ந்து தந்தது அது. வாசிப்பவரும் அதை வைத்துத்தான் வாசிக்கிறார். முழக்கம் நீண்ட இடத்தில் வேகமாக வாசித்தால் சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கூழாகிவிடும். அதனால் நல்ல கலைஞர் சற்று நிதானிப்பார், ஒவ்வொரு சுரத்தையும் கொஞ்சம் சீக்கிரமே விட்டுவிடுவார், நடுவில் விழும் இடைவெளியை மண்டபம் நிரப்பிவிடும். வாசிப்பில் பாதி கட்டையை அழுத்துவதில் இருக்கிறது என்றால், மறுபாதி விடுவதில் இருக்கிறது.

இதில் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு. ஒலிப்பதிவு செய்யும்போது தேவாலயம் காலியாக இருக்கும். பாக் வாசித்தது ஞாயிறு வழிபாட்டுக்கு. மனித உடலும் கம்பளி உடையும் ஒலியை நன்றாக உறிஞ்சும். எனவே அன்று பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்ட முழக்கம், இன்று நம் ஹெட்போனில் வருவதைவிடக் குறுகியதாகவே இருந்திருக்கும்.

மைக்கை எங்கே வைப்பது

இந்தத் தொழிலின் உயிர்நாடி இதுதான் என்பேன். எந்த மைக் என்பதைவிட எந்த இடம் என்பதற்குத்தான் பாதி நாள் செலவாகிறது.

மண்டபத்துக்கே திரும்புவோம். நண்பர் இரண்டடி தள்ளி நின்று பேசினால் சொல் தெளிவாகக் கேட்கும். அவரே மறுகோடிக்குப் போய்ப் பேசினால் குரல் கேட்கும், சொல் கலங்கும். வாயிலிருந்து நேராக வந்து சேரும் ஒலியை நேரொலி என்போம். தள்ளிப் போகப் போக நேரொலி குறையும். எதிர்முழக்கமோ மண்டபம் முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ஓர் இடத்தில் இரண்டும் சமமாகும். அதைத் தாண்டினால் முழக்கம் மேலோங்கிவிடும். ஆர்கனுக்கும் இதே கணக்குதான். மைக்கைப் பின்னால் நகர்த்தினால் கம்பீரம் கூடும், தெளிவு குறையும். முன்னால் கொண்டுவந்தால் தெளிவு கூடும், ஆனால் கட்டைகளிலிருந்து குழல்வரை ஓடும் மரச்சட்டங்களின் கடகட சத்தமும் காற்றின் சீற்றமும் கூடவே வந்துவிடும்.

அப்படியானால் தேவாலயத்தில் கேட்க எந்த இருக்கை நன்றாக இருக்கிறதோ அங்கேயே மைக்கை வைத்துவிடலாமே? இயல்பாகத் தோன்றும் கேள்வி. வைத்துப் பார்த்தால் பதிவு சகதியாக வரும். நேரில் இருக்கும்போது முழக்கம் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வருகிறது. இரண்டு காதுகளைக் கொண்டு மூளை அதை விலக்கி, முன்னால் வரும் இசையைப் பற்றிக்கொள்கிறது. நூறு பேர் பேசும் விருந்தில் எதிரே இருப்பவர் பேச்சை மட்டும் நாம் கேட்பதும் இப்படித்தான். பதிவில் எல்லா ஒலியும் எதிரே இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து மட்டும் வருகிறது. மூளைக்கு விலக்க வழியில்லை. ஆகவே மைக்கை மிகச் சிறந்த இருக்கையைவிட முன்னால், பெரும்பாலும் பல மீட்டர் உயரத் தண்டில், ஆர்கன் இருக்கும் மேல்மாடத்தின் மட்டத்துக்கு உயர்த்தி வைக்கிறார்கள். காதுக்கு நேரில் இருப்பது போன்ற உணர்வு வர வேண்டும் என்பதற்காகவே மைக் காது இருக்காத இடத்துக்குப் போகிறது. நான் முதலில் இதைப் புரிந்துகொண்டபோது வியந்துபோனேன்.

ஆர்கனின் அமைப்பும் இதில் தலையிடும். வட ஜெர்மன் பரோக் ஆர்கனில் குழல்கள் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. வாசிப்பவருக்கு எதிரே மேலே ஒரு பெரிய பகுதி. அவர் முதுகுக்குப் பின்னால், மாடத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு சிறிய பகுதி. பெரிய ஆர்கன்களில் இருபுறமும் மிதிகட்டைக்கான உயரக் கோபுரங்கள். மைக் நெருங்கிவிட்டால் முன்னால் தொங்கும் சிறிய பகுதி மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். கோபுரங்களில் அடுத்தடுத்த சுரங்களின் குழல்களை இடம், வலம், இடம், வலம் என்று மாற்றி மாற்றி நிறுத்தியிருப்பார்கள். இரண்டு மைக்குகளையும் அகலமாகப் பிரித்து மிக அருகில் வைத்தால் மிதிகட்டை மெட்டு பந்து மாதிரி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே குதிக்கும்.

எந்தப் படைப்பு என்பதும் முக்கியம். பாக்கின் ஆறு ட்ரியோ சொனாட்டாக்களில் வலக்கை, இடக்கை, கால் மூன்றும் தனித்தனிக் குரல்களாக ஓடும். அங்கே தெளிவு இல்லாவிட்டால் இசையே இல்லை. சி மைனர் பஸ்ஸகாக்லியாவிலோ மிதிகட்டையில் தொடங்கும் ஒரே மெட்டின் மேல் மாடி மாடியாகக் கட்டிக்கொண்டு போவார். அதற்கு மண்டபத்தின் பரப்பு தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பதிவு செய்கிற ஒலிப்பதிவாளர் ஏதோ ஓர் இடத்தில் சமரசம் செய்தே ஆக வேண்டும்.

சுருக்கமாக: மைக் இருக்கும் இடம்தான் நேரொலிக்கும் முழக்கத்துக்கும் உள்ள விகிதத்தை முடிவு செய்கிறது. பிற்பாடு கணினியில் முழக்கத்தைக் கூட்டலாம், பதிவாகிவிட்ட முழக்கத்தை நல்லபடியாகக் கழிக்க முடியாது.

காதுக்குக் கேட்பதும் உடம்புக்குத் தெரிவதும்

குழல் நீளமானால் சுரம் தாழும். ஆர்கன் கட்டுபவர்கள் ஸ்டாப்புகளை இன்றும் அடிக்கணக்கில்தான் சொல்வார்கள். 8 அடி ஸ்டாப் என்றால் அதன் மிகத் தாழ்ந்த குழல் ஏறத்தாழ 8 அடி. அதிர்வெண் 65 ஹெர்ட்ஸ் அளவு. அதிர்வெண் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை, ஹெர்ட்ஸ் அதன் அலகு. 16 அடிக் குழல் 33 ஹெர்ட்ஸ். 32 அடிக் குழல் 16 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தில் காது கேட்பதைவிடத் தரையும் பெஞ்சும் நடுங்குவதுதான் அதிகம் தெரியும். ஹாம்பர்க் புனித கத்தரீனாள் தேவாலயத்து 32 அடிக் குழல்கள் அத்தனை ஆழத்திலும் சீராக ஒலித்ததைப் பாக் பெரிதும் மெச்சினார் என்று அவருடைய மாணவர் அக்ரிகோலா பதிவு செய்திருக்கிறார்.

16 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை ஏறத்தாழ 21 மீட்டர் நீளம். அப்படிப்பட்ட அலைகள் சுவர்களுக்கு நடுவே மோதித் திரும்பும்போது சில இடங்களில் ஒன்றையொன்று கூட்டும், சில இடங்களில் அழிக்கும். மைக்கை இரண்டு எட்டு நகர்த்தினால் ஒரு தாழ்ந்த சுரம் காணாமல் போவதும் இன்னொன்று உறுமுவதும் இதனால்தான். ஒருதிசை மைக்குகள் தொலைவிலிருந்து வரும் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக வாங்குவதில்லை. ஆகவே எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலி வாங்கும் மைக்குகளே ஆர்கனுக்கு அதிகம் பயன்படுகின்றன.

இதையெல்லாம் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்டால் மிதிகட்டையின் கீழ்ச்சுரங்கள் வெளியே வரவே வராது. மேலே இருக்கும் துணை அதிர்வுகளைக் கொண்டு மூளை அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பஸ்ஸகாக்லியாவை நான் பல காலம் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நல்ல ஹெட்போனில் முதல்முறை கேட்டபோது வேறு ஏதோ இசையைப் போட்டுவிட்டேனோ என்று பெயரைத் திரும்பப் பார்த்தேன்.

குளிர், பறவை, லாரி

காற்று சூடானால் அதில் ஒலியின் வேகம் கூடும், விளிம்புக் குழலின் சுருதியும் கூடவே ஏறும். 5 டிகிரி செல்சியஸ் ஏறினால் அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஏறிவிடும். நாக்குக் குழல்களின் சுருதியை முடிவு செய்வது உலோக நாக்கு. அது அந்த அளவுக்கு அசையாது. விளைவு, காலையில் ஒத்துப்போன இரண்டு வரிசைகள் மாலையில் உரசும். ஆயிரக்கணக்கான விளிம்புக் குழல்களைத் திருத்த நேரம் இருக்காது. எனவே சுருதி சேர்ப்பவர் கூடவே இருந்து, எண்ணிக்கையில் குறைந்த நாக்குக் குழல்களை மட்டும் மற்றவற்றோடு சேர்த்துவைப்பார்.

அப்புறம் வெளிச்சத்தம். தேவாலயங்கள் ஊர் நடுவில் இருப்பவை. வண்டி, மழை, விடியற்காலைப் பறவைகள் எல்லாமே பதிவில் ஏறும். அதனால்தான் பல பதிவுகள் நள்ளிரவில் நடக்கின்றன. காற்றுவிசிறியின் மெல்லிய இரைச்சலை மட்டும் ஒழிக்க முடியாது. அதனால் யாரும் வாசிக்காமல் விசிறி மட்டும் ஓடும் வெறுமையையும் சில நிமிடம் தனியாகப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு படைப்புகளுக்கு நடுவே உள்ள மௌனத்தில் அதைத்தான் நிரப்புகிறார்கள். முழு மௌனத்தை வைத்தால் தேவாலயமே சட்டென்று மறைந்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஒட்டுவேலை

இது பலருக்கும் தெரியாத பகுதி. 40ஆவது தாளக்கட்டில் ஒரு பிசகு என்றால், அங்கிருந்து திரும்ப வாசித்து ஒட்டினால் போதும் என்று தோன்றும். ஆனால் 40ஆவது கட்டு ஒலிக்கும்போது 39இன் முழக்கமும் 38இன் மிச்சமும் காற்றில் இருக்க வேண்டும். 40இலிருந்தே புதிதாகத் தொடங்கினால் அந்த மிச்சம் இருக்காது. ஒட்டிய இடத்தில் தரையில் பள்ளம் விழுந்த மாதிரி கேட்கும். அதனால் கலைஞர் நாலைந்து கட்டுகள் முன்னாலிருந்தே வாசித்துக்கொண்டு வருவார். அதே ஸ்டாப்புகள், அதே வேகம், முடிந்தவரை அதே வெப்பநிலை. கடைசிச் சுரத்தை விட்ட பிறகு முழக்கம் முழுதாக அடங்கும்வரை ஒருவரும் அசையக் கூடாது. பெஞ்சு கிறீச்சிட்டால் முடிவுப் பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டியதுதான்.

ஒட்டவே முடியாத காலமும் இருந்தது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் என்ற ஆர்கன் கலைஞர் 1935இல் லண்டன் தேவாலயம் ஒன்றில் பாக் இசையைப் பதிவு செய்தபோது அது நேராகத் தட்டில்தான் பொறிக்கப்பட்டது. தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடம் சொச்சம். பிசகினால் அந்தப் பக்கம் முழுவதும் வீண். காந்த நாடா வந்த பிறகே வெட்டி ஒட்டும் வசதி வந்தது.

காதால் சோதித்துப் பார்க்க

ஹெல்முட் வால்கா என்ற ஜெர்மன் கலைஞர் இளம் வயதிலேயே பார்வையை இழந்தவர். ஒவ்வொரு குரலையும் பிறர் தனித்தனியாக வாசித்துக் காட்ட, அதைக் கேட்டு மனப்பாடம் செய்து, பின் எல்லாவற்றையும் சேர்த்து வாசித்தவர். பாக்கின் ஆர்கன் படைப்புகளை அவர் இருமுறை பெருந்தொகுப்பாகப் பதிவு செய்தார். முதல் தொகுப்பு 1947இல் தொடங்கி லூபெக்கிலும், காப்பெல் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் உள்ள ஷ்னிட்கர் ஆர்கனிலும் மோனோவில் பதிவானது. இரண்டாவது 1956இலிருந்து 1971வரை, நெதர்லாந்தின் அல்க்மார் நகரத்துப் பெரிய தேவாலயத்திலும் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூரிலும் ஸ்டீரியோவில் பதிவானது. ஒரே கலைஞர், ஒரே இசை, வெவ்வேறு கட்டடங்கள்.

பாக்கின் பெயரில் வழங்கும் டி மைனர் டொக்காட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: மேலே ஒரு வீச்சு, நிறுத்தம், ஒரு ஸ்தாயி இறங்கி ஒரு வீச்சு, நிறுத்தம், இன்னும் ஒரு ஸ்தாயி கீழே மூன்றாவது. அந்த நிறுத்தங்களில் கட்டைகள் சும்மா இருக்கும், தேவாலயம் மட்டும் பேசும். இரண்டு தொகுப்புகளிலும் அந்த முதல் அரை நிமிடத்தை மட்டும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முழக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள், அது அடங்குவதற்குமுன் அடுத்த வீச்சைத் தொடங்குகிறாரா, அடங்கியபின் தொடங்குகிறாரா என்றும் பாருங்கள்.